மாமாவுக்கு டயாலிசிஸ்: புரோக்கரிடம் 8,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்

கேள்வி: என் தாய்மாமா ஆற்காட்டில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். வயது 54. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தனியாரில் கட்டிக் கட்டி அத்தையின் நகையெல்லாம் போய்விட்டது. மாமா மகள் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள், பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். 8,000 ரூபாய் கொடுத்தால் மாற்றுத்திறனாளி பென்ஷன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (காட்பாடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. டீ செலவுக்கு என்று 50 ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதில் 21 வகை இயலாமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கண், காது, கை கால், மனநலம் தொடங்கி பார்க்கின்சன், தலசீமியா வரை இருக்கிறது. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஊசி ஏற்றும் கையால் துணி மூட்டை தூக்கக்கூடாது என்கிறார் டாக்டர். வாரத்தில் இரண்டு நாள் மெஷினோடு போய்விடுகிறது, அடுத்த நாள் அசதி. அந்த மனிதர் எப்படி ரவிக்கை தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவார்? ஆனால் பட்டியலில் இல்லாததை அந்தப் புரோக்கர் எப்படிக் கொண்டுவருவார் என்று யோசியுங்கள். ஒன்று, காசை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் அலைக்கழிப்பார். இல்லையென்றால் கால் விளங்கவில்லை என்று பொய்ச் சான்று தயாரிப்பார். பிடிபட்டால் அந்தச் சான்றில் இருப்பது உங்கள் மாமாவின் பெயர்தான், புரோக்கர் பெயர் இல்லை.

தொழிலாளர் துறையில் 30 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஆட்களை அலுவலக வாசலில் தினமும் பார்த்திருக்கிறேன். முதியோர் ஓய்வூதியம் வாங்கலாம், ஆதாரில் வயதை 60 ஆக்கிவிடுவோம் என்று சொல்பவர்களும் இவர்கள்தான். அதற்கும் தலையாட்டிவிடாதீர்கள். ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது என்று ஆகிவிட்டால், நியாயமாக வரவேண்டிய மனுவும் அதைக் காட்டியே திரும்பி வரும்.

மாதம் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன் தேடுவதற்கு முன், டயாலிசிஸுக்குக் கையை விட்டுப் போகிற பணத்தை நிறுத்துங்கள். அதற்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018 முதல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. டயாலிசிஸும் உண்டு, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையும் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து கொடுப்பார்கள். அதற்குக் காசு கிடையாது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய், அவ்வளவுதான். முக்கியமான சங்கதி: பணம் கட்டிவிட்டுப் பில்லைக் காட்டித் திரும்ப வாங்கும் திட்டம் அல்ல இது. இதுவரை கட்டியது கட்டியதுதான். அந்த பில்லுக்கெல்லாம் காசு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரும் புரோக்கர்தான். ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தாலும் எல்லாப் பிரிவுக்கும் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். "டயாலிசிஸுக்கு இந்தக் கார்டு எடுப்பீர்களா?" என்று காப்பீட்டு கவுண்ட்டரில் நேராகக் கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் வாலாஜா அரசு ஆஸ்பத்திரியிலும் முதலில் விசாரியுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மாமா மகள் ஒரே ரேஷன் கார்டில் இருந்து, அவள் சம்பளம் மாதம் 11,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே ஆண்டுக்கு 1,32,000 ஆகிவிடுகிறது, 1,20,000-ஐத் தாண்டிவிடும். அவள் பெயரைக் கார்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று உடனே ஒருவர் யோசனை சொல்வார். வேண்டாம். உங்கள் மாமா வீட்டுக்கு இரண்டாவது வழி அந்தப் பெண்ணிடமே இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலருக்கும் தெரியாத விஷயம் இது.

ஈ.எஸ்.ஐ. என்பது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. சொந்தத் தொழில் செய்பவருக்கு அது கிடையாது. மாமாவுக்கும் கிடையாது. ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு உண்டு. அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அதே மருத்துவம் உண்டு. மகன் என்றில்லை, மகளின் பெற்றோரும் வருவார்கள். கல்யாணம் ஆகி வேறு ரேஷன் கார்டுக்குப் போய்விட்ட மகளாக இருந்தாலும் அவள் பெற்றோர் பெற்றோர்தானே. பெற்றோருக்கு எல்லா வழியிலும் வரும் வருமானம் மாதம் 9,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். மாமா கடையை அரைநாள் திறந்து அரைநாள் மூடும் இந்த நிலையில் அது தாண்டாது என்று நினைக்கிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பட்டறையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார். காசு போகிறது. அப்பா அம்மா பெயரைச் சேர்க்கலாம் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. கம்பெனியில் சேர்த்த அன்று அவசரத்தில் ஃபாரத்தை நிரப்பிவிட்டு, குடும்பம் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதைத் திருத்த ஒரு நாள் வேலை போதும். எத்தனை வீடுகளில் அதைச் செய்யாமல் தாலியை அடகு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

மாமா மகள் கம்பெனி ஆபீசில் சொல்லி அப்பா, அம்மா ஆதாரைக் கொடுத்துப் பெயர் சேர்க்கச் சொல்லட்டும். சேர்த்த பிறகு பெஹ்சான் கார்டை, அதாவது ஈ.எஸ்.ஐ. அடையாள அட்டையை, அச்செடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத்தான் போக வேண்டும். அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி. அவள் வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம், எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கிறது என்பதையும் பெரிய சிகிச்சைக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கை மருந்தகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நல வாரியம். தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியம் என்று தனியாகவே இருக்கிறது. மாமா எப்போதாவது சங்கத்தின் மூலம் பதிந்து கார்டு வாங்கியிருக்கிறாரா என்று பெட்டியைக் கிளறிப் பாருங்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதியவே இல்லையென்றாலும், வாரத்தில் மூன்று நாளாவது மெஷின் மிதிக்கிறார் என்றால் அவர் தையல்காரர்தான், வயதும் 60-க்குள் இருக்கிறது, பதியலாம். கார்டு உயிரோடு இருந்தால் பையனின் பாலிடெக்னிக் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். "நோயால் தொழில் செய்ய இயலவில்லை, ஓய்வூதியத்துக்குப் பரிசீலிக்கவும்" என்று டாக்டர் சான்றோடு மனுவும் கொடுங்கள். சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அத்தைக்கு வரவேண்டிய இயற்கை மரண உதவித்தொகையும் அந்தக் கார்டை நம்பித்தான் இருக்கிறது.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. இங்கேதான் பெரிய பள்ளம். விண்ணப்பம் ஆன்லைனில் போடுவதால், புரோக்கர்கள் தங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிடுகிறார்கள். ஓ.டி.பி. எல்லாம் அவர்களுக்கே போகும். சலவன்பேட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த ஒருவர் கதை எனக்கு மறக்காது. அவருக்குப் பக்கவாதம் வந்தபோது கார்டைப் புதுப்பிக்கப் போனால், எண் வேறொருவருடையது. அந்த ஆள் 3,000 கேட்டார். எண்ணை மாற்றித் தரச் சொல்லி அலுவலகம் போனால், பழைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு வா என்றார்கள். அதுதானே ஐயா அவரிடம் இல்லை! நாலு மாதம் அலைந்தார். தரையில் காலை இழுத்துக்கொண்டு மாடி ஏறிய அவரைப் பார்த்தும் ஒருவரும் எழுந்து வரவில்லை. அதனால் மாமா கையில் இருக்கும் போன் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக் எதையும் யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

இன்னொரு அலைச்சலையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். பழைய தாள்களில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு வேலூர் கலெக்டர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறாதீர்கள்.

வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸுக்கு டாக்டர் மாற்றினால், அதற்கான திரவப் பைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். கிட்னி ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது வந்தால் பேச்சே கொடுக்காதீர்கள், அது குற்றம். இறந்தவர் தானம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் வரிசைப்படிதான், அந்தப் பதிவை ஆஸ்பத்திரியே செய்யும்.

எந்த மனு கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் அந்த ரசீது நகலோடு கொடுங்கள், முதலமைச்சர் உதவி மைய எண் 1100-க்கும் போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் "என் மனு இன்று எந்த மேஜையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நோயாளியை மட்டும் வரிசையில் நிறுத்தாதீர்கள், டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து நீங்களும் அத்தையும் போங்கள்.

மாமா மகள் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளுடைய ஈ.எஸ்.ஐ. எண்ணை இன்று இரவே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.