ஆட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம்

அம்மா, மகனைப் பற்றி நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். "சனிக்கிழமை காலையில சின்னப் பசங்க காற்பந்து ஆட்டத்துக்கு நடுவரா விசில் ஊதப் போறான், சரி. வீட்டுக்கு வந்தும் ஒரு மணி நேரம் லேப்டாப்பில ரிப்போர்ட் எழுதறான். உயர்நிலை நான்கு படிக்கிற பையனுக்கு இது தேவையா?" என்று கேட்டிருந்தீர்கள். விசிலைப் பொறுத்துக்கொள்கிறீர்கள், எழுத்துதான் வீண் என்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவர் வேலையை நம்பிப் படிப்பைக் கைவிடக் கூடாது. இங்கே சிங்கப்பூரில் பெரும்பாலான நடுவர்களுக்கு வேறு வேலை உண்டு. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று படி வாங்குகிறார்கள், அவ்வளவுதான். 1974 உலகக் கிண்ணத்தில் ஜார்ஜ் சுப்பையா, 2006இல் ஷம்சுல் மைதீன் என்று நம் நடுவர்கள் விசில் ஊதிய பெருமை நமக்கு இருக்கிறது. அந்த வரிசை நீளமானதல்ல.

ஆனால் தம்பி எழுதும் அந்த ரிப்போர்ட் வேறு சங்கதி. ஆட்டத்துக்கு முன்பும், நடுவிலும், பின்பும் நடந்த ஒழுங்குச் சிக்கல்களையும் மற்றச் சம்பவங்களையும் எழுதிக் கொடுப்பது, காற்பந்தின் ஐந்தாம் விதிப்படி நடுவரின் கடமை. சிறுவர் ஆட்டத்தில் வேலை இன்னும் கூடும். பெயர்ப்பட்டியலையும் சட்டை எண்ணையும் ஒப்பிட வேண்டும். நகர்த்தும் கோல் கம்பங்கள் தரையோடு இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். காதுத்தோட்டின்மேல் பிளாஸ்டர் ஒட்டி வரும் பிள்ளையிடம், ஒட்டினாலும் செல்லாது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுவும் பக்கத்திலேயே அவள் அப்பா முறைத்துக்கொண்டு நிற்கும்போது!

நம் ஊர் மழையைச் சொல்லவே வேண்டாம். மின்னல் எச்சரிக்கை வந்தால் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். எந்த நிமிடம், எத்தனை கோல், யார் கையில் பந்து, எத்தனை மணிக்கு மைதானத்தைக் காலி செய்தோம் என்பதையெல்லாம் அங்கேயே குறித்துவிட வேண்டும். பாதியில் கைவிட்ட ஆட்டத்தை மறுபடி ஆடுவதா, அதே கணக்கை ஏற்பதா என்று போட்டி நடத்துபவர்கள் முடிவெடுக்கும்போது அவர்கள் முன் இருப்பது அந்தக் குறிப்புதான். (பென்சில் வாங்கிக் கொடுங்கள். நனைந்த தாளில் பேனா எழுதாது.)

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி தன் முதல் ரிப்போர்ட்டைக் காட்டினாள். "பயிற்றுவிப்பாளர் மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்" என்று ஒரே வரி. அது அவள் அபிப்பிராயம், சம்பவம் அல்ல. திருத்தி எழுதச் சொன்னேன்: "38ஆம் நிமிடம். நீலக் குழுவின் பயிற்றுவிப்பாளர் ஆடுகளத்தின் எல்லைக்கோடு வரை வந்து, 'உனக்குக் கண் தெரியாதா' என்று இரண்டு முறை கத்தினார். மஞ்சள் அட்டை காட்டினேன். திரும்பிப் போய்விட்டார்." 2019 முதல் பயிற்றுவிப்பாளருக்கும் அட்டை காட்டலாம் என்பதால், இப்படி எழுத வேண்டிய தேவையும் கூடிவிட்டது. தாதிமை, காவல்துறை, சட்டம், கப்பல் பட்டறைப் பாதுகாப்பு என்று எங்கே போனாலும் கேட்கிற எழுத்து இதுதான். பதினாறு வயதில் இதைக் கற்றுத்தர எனக்குத் தெரிந்து டியூஷன் கிடையாது.

தேர்வு முடிவுக்கு முன்பே பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கேட்கும் இஏஇ (முன்கூட்டிய சேர்க்கை) விண்ணப்பத்தில் "தலைமைத்துவம் உண்டு" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். தம்பி, மின்னலால் ஆட்டத்தை நிறுத்திய ஒரு நாளைப் பற்றி எழுதட்டும். ரிபப்ளிக் பலதுறையில் விளையாட்டுத் துறைப் படிப்புகள் இருக்கின்றன. அவனுக்கு அதில் நாட்டமா, ஆட்டத்தில் மட்டுமா என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. இஏஇயில் இடம் கிடைத்தாலும் ஆண்டிறுதித் தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை எட்டியே ஆக வேண்டும். ஆகவே பிரிலிம் என்ற பள்ளி முன்னோட்டத் தேர்வு முடியும்வரை வாரம் ஒரே ஆட்டம், அதற்குமேல் வேண்டாம். நீங்கள் கண்டிப்பாக நிற்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு மணி நேரத்தையும் குறைக்கலாம். இடைவேளையிலேயே முதல் பாதிக் குறிப்பைச் சரிபார்த்துவிட்டால், வீட்டில் இருபது நிமிடம் போதும். இந்தச் சனிக்கிழமை அவன் எழுதியதை வாங்கி வாசித்துப் பாருங்கள். மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும், அவற்றை மறைத்துவிட்டுத்தான் தருவான். தராவிட்டால் கோபிக்காதீர்கள், அதுவும் அவன் வேலையில் சேர்ந்ததுதான்.