மரவள்ளிக்கிழங்கில் சயனைடா?

கேள்வி: மரவள்ளிக்கிழங்கில் சயனைடு இருக்கிறதாமே, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
வாசகி, நாமக்கல்

பதில்: நன்றாக வேகவைத்துத் தாராளமாகக் கொடுங்கள், பச்சையாக மட்டும் வேண்டவே வேண்டாம். கிழங்கில் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. வெட்டும்போதோ மெல்லும்போதோ திசு உடைந்து, லினமரேஸ் என்ற நொதி அதோடு சேரும்போதுதான் ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. தோலில்தான் அதிகம். அதனால் மேலே உள்ள பழுப்புத் தோலோடு அடியிலிருக்கும் தடித்த பட்டையையும் உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசந்தால் யோசிக்காமல் துப்பிவிடுங்கள். அப்புறம், வீட்டில் ஆடு இருந்தால் பச்சைத் தழையும் தோலும் அதன் வாய்க்கு எட்டவே கூடாது. தின்றுவிட்டு மூச்சுத் திணறினால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.