கண்டத்தின் பெயரைப் பார்த்து விதை வாங்கலாமா?

கேள்வி: என் நிலம் வெப்பமான சமவெளியில் உள்ளது. ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர்; கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். ‘தென் அமெரிக்க வெப்பமண்டலப் பயிர்’ என்று சொல்லித் தானியம்போல் சமைத்து உண்ணும் கினோவாவின் விதையும், ‘ஆப்பிரிக்கப் புல்’ என்று சொல்லி மாடுகளுக்கும் செம்மறியாடுகளுக்கும் பிரக்கியாரியா விதையும் தருகிறார்கள். இரண்டு கண்டங்களும் நிலநடுக்கோட்டின் மேல்தானே இருக்கின்றன? எந்தக் கண்டத்தின் தட்பவெப்பம் என் நிலத்துக்கு நெருக்கமானது? எந்த விதையை நம்பி வாங்கலாம்?

பதில்: ஐயா, வணக்கம். விதை வாங்குவதற்கு முன்பே தாங்கள் கேட்டது நல்லதாயிற்று. ஒரு கண்டத்துக்கு ஒரே தட்பவெப்பம் என்று எண்ணி விதை வாங்குபவர்கள் ஒரு பருவத்து உழைப்பை இழக்க நேரிடுகிறது. அந்த இழப்பு தங்களுக்கு வரக்கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிலநடுக்கோடு இரண்டு கண்டங்களின் ஊடாகவும் செல்வது உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்காவில் அது ஏறக்குறைய நடுவில் செல்கிறது. அக்கண்டம் வடக்கே 37 டிகிரி, தெற்கே 35 டிகிரி அட்சரேகை வரை பரந்துள்ளது. தென் அமெரிக்காவோ வடக்கே 12 டிகிரியில் தொடங்கித் தெற்கே ஏறத்தாழ 56 டிகிரி வரை நீள்வதால், அதன் தென்முனையில் குளிர்ந்த காற்றும் உறைபனியும் உண்டு. பரப்பளவில் பார்த்தால் ஆப்பிரிக்காவில் பாதிக்கு மேல் வறண்ட தட்பவெப்பம். தென் அமெரிக்காவில் பாதிக்கு மேல் ஈரமான வெப்பமண்டலம். எந்தக் கண்டத்தில் தட்பவெப்பத்தின் வகைகள் அதிகம் என்று மட்டும் கேட்டால், தென் அமெரிக்கா என்றே சொல்வேன். அதற்கு முதற்காரணம் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீளமுள்ள ஆண்டீஸ் மலைத்தொடர். பசிபிக் கடற்கரையில் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் மழையே காணாத பாலைநிலம், அதிலிருந்து சில நூறு கிலோமீட்டர் கிழக்கே இரவில் உறைபனி விழும் உயர்ந்த பீடபூமி, அதைத் தாண்டி இறங்கினால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அமேசான் காடு என்று மூன்று வெவ்வேறு உலகங்கள் ஒரே அட்சரேகையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஆப்பிரிக்காவில் இந்த மாற்றம் இவ்வளவு திடீரென்று நிகழ்வதில்லை. சகாராவின் தெற்கு விளிம்பில் 200 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் மழை, தெற்கே செல்லச் செல்லப் படிப்படியாகக் கூடி, கினி வளைகுடாக் கரையில் பல இடங்களில் 1,500 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பயிரை அங்குள்ள உழவர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். சாஹேல் எனப்படும் வறண்ட வெப்பப் பட்டையில் தோன்றிய கம்பும், கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் தோன்றிய கேழ்வரகும் தங்களுக்கு அறிமுகமானவைதாம். ஆகவே, தங்கள் நிலத்தைப் போன்ற வெயிலும் குறுகிய மழைக்காலமும் கொண்ட பகுதிகள் ஆப்பிரிக்காவில்தான் மிகுதி. தென் அமெரிக்காவில் அவற்றுக்கு நெருக்கமாகச் சொல்லக்கூடியது பிரேசிலின் வடகிழக்கில் உள்ள காட்டிங்கா என்ற முட்புதர் நிலம்.

இருந்தாலும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒரு விதையை நம்பிவிட முடியாது. காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அரபிக்கா எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளின் குளிர்ச்சிக்குப் பழகியது. ரொபஸ்டா காங்கோ வடிநிலத்தின் தாழ்வான, வெப்பமும் ஈரமும் மிகுந்த காடுகளுக்கு உரியது. பிறந்த கண்டம் ஒன்றாயிருந்தும் ஒன்றுக்கு ஏற்ற இடம் மற்றொன்றுக்கு ஏற்பதில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும் என்ற கணக்கு இரண்டு கண்டங்களுக்கும் பொது.

உயரத்தைப் போலவே பகல்நேர நீளத்தையும் கவனிக்க வேண்டும். இதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆண்டீஸ் மலையின் பழைய உருளைக்கிழங்கு வகைகள் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமாக இருக்கும்போது நன்றாகக் கிழங்கு வைக்கும். அவற்றை ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலில் நட்டபோது இலையும் தண்டும் செழித்தனவே தவிர, இலையுதிர்காலத்தில் பகல் குறுகிய பின்னரே கிழங்கு பிடித்தது. அதே தென் அமெரிக்காவில், சுமார் 42 டிகிரி தெற்கே உள்ள சிலோயே தீவின் வகைகளோ நீண்ட பகலுக்குப் பழகியவை.

இனித் தங்கள் கினோவாவுக்கு வருகிறேன். அதை வெப்பமண்டலப் பயிர் என்று சொல்வது பாதி உண்மைதான். ஆண்டீஸ் பீடபூமியில் உள்ள டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள வகைகள் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், வெயில் காய்ந்தாலும் காற்று குளிர்ந்திருக்கும் பகலுக்கும் உறைபனி இரவுக்கும் பழகியவை; தங்கள் சமவெளிக்கு அவற்றை வாங்கவே வேண்டாம். சிலியின் கடலோரத் தாழ்நிலங்களில் வளரும் வகைகள் கடல் மட்ட உயரத்துக்குப் பழகியவை, பகல்நேர நீளத்தைப் பொறுத்தும் அவ்வளவு கண்டிப்பில்லாதவை. அந்த வழியில் வந்த விதைதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியே கிடைத்தாலும், பூக்கும் காலத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிப்பது குறையும். எனவே ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களில் பூக்கும்படி விதைப்பைக் கணக்கிட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அடிச்சாம்பல் நோய் வரும். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் மணிகள் கதிரிலேயே முளைத்துவிடும். முதல் பருவத்தில் சில சென்ட் நிலத்துக்கு மேல் விதைக்க வேண்டாம்.

தீவனப் புல்லைப் பொறுத்தவரை, கண்டம் விட்டுக் கண்டம் சென்று வென்ற பயிருக்குப் பிரக்கியாரியா ஒரு சிறந்த சான்று. கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலிருந்து பிரேசிலின் செராடோ என்ற புல்வெளிப் பகுதிக்குச் சென்று அங்கே பெரும் மேய்ச்சல் நிலங்களாக விரிந்தது. இரண்டு இடங்களிலும் கோடை மழை, நீண்ட வறண்ட காலம், அமிலத்தன்மை உள்ள மண் ஆகியவை ஒத்திருந்ததே அதற்குக் காரணம். ஆனால் அப்பகுதிகளில் மழை பொதுவாக 1,000 மில்லிமீட்டருக்கு மேல்; தங்கள் 700 மில்லிமீட்டரில் பாசனம் இல்லாமல் அது ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்காது. பிரக்கியாரியா டெகும்பன்ஸ் என்ற வகையை அதிகம் மேயும் செம்மறியாடுகளுக்கு, குறிப்பாகக் குட்டிகளுக்கு, ஈரல் பாதித்து வெயில் பட்ட இடங்களில் தோல் வீங்கிப் புண்ணாகும் நோய் வருவதுண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மானாவாரியாகத்தான் வளர்க்கப் போகிறீர்கள் என்றால், 300 முதல் 750 மில்லிமீட்டர் மழைக்கே நன்றாக வரும் கொழுக்கட்டைப் புல் தங்களுக்குப் பொருத்தமானது. அதன் தாயகங்களில் ஆப்பிரிக்காவும் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தட்பவெப்பம் ஒத்துப்போகும் இடத்தில் பயிர் மட்டுமல்லாமல் அதன் பூச்சியும் வாழும். தென் அமெரிக்க மரவள்ளி 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக ஆப்பிரிக்கா சென்று முக்கிய உணவானது. 1970களில் அதன் மாவுப்பூச்சியும் அங்கே போய்ச் சேர்ந்து பேரழிவை உண்டாக்கியது. 1981ல் பராகுவேயில் அந்தப் பூச்சியையும் அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியையும் கண்டறிந்து, குளவியை ஆப்பிரிக்காவில் விட்ட பிறகே நிலைமை கட்டுக்குள் வந்தது. ஆகவே, வெளிநாட்டு விதையோ கரணையோ எதுவானாலும், தாவரத் தொற்றுத்தடுப்புச் சான்று இல்லாமல் தங்கள் நிலத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

விற்பவரிடம் அந்த விதை முதலில் எடுக்கப்பட்ட இடத்தின் உயரம், அட்சரேகை, மழை பெய்யும் மாதங்கள், மிக வெப்பமான மாதத்தின் வெப்பநிலை ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். அவற்றைத் தங்கள் மண் பரிசோதனை முடிவோடு சேர்த்து எனக்கு அனுப்பினால், விதைப்புக்கு ஏற்ற வாரத்தைக் கணக்கிட்டு எழுதுகிறேன்.