பில்லில் ஃபுல் எச்டி, பெட்டியில் 768: வழக்குப் போடலாமா?

கேள்வி: வீட்டுக்கு முதன்முதலாக எச்டி டிவி வாங்கினோம். ஷோரூமில் பளிச்சென்று இருந்த படம் வீட்டில் மங்கலாக இருக்கிறது, பழைய டப்பா டிவியே தேவலை. ஆட்கள் எல்லாரும் குண்டாக வேறு தெரிகிறார்கள். பில்லில் 'ஃபுல் எச்டி' என்று எழுதியிருக்கிறது, ஆனால் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் 1366 × 768 என்று அச்சாகியிருப்பதை என் மகன் பார்த்துச் சொன்னான். பத்தாம் நாள் திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடும் வந்துவிட்டது. கடைக்காரர் 'பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம், கம்பெனியிடம் போங்கள்' என்கிறார். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு 'அடிபட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது' என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாங்கி 24 நாள் ஆகிறது. முழுப் பணமும் மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கிறபடியே போட்டால் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏனென்றால் மூன்று புகாரை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். ஒன்று கடைக்காரர் மேல், ஒன்று கம்பெனி மேல், மூன்றாவது, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டு கேபிள் மேல். அந்த மூன்றாவதை முதலில் பிரித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது மற்ற இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே போய்விடும்.

சில வருஷத்துக்கு முன் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வழக்கில் ஆஜரானேன். 'படம் தெளிவாக இல்லை' என்பதைத்தான் மனுவின் முதல் பத்தியிலேயே பெரிதாக எழுதியிருந்தோம். எதிர்த்தரப்பு வேறொன்றும் செய்யவில்லை, அவர்களுடைய டெக்னீஷியன் வீட்டுக்கு வந்தபோது டிவியின் பின்பக்கத்தை எடுத்திருந்த ஒரு போட்டோவை நீட்டினார்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை கொண்ட பழைய கேபிள் அதில் பளிச்சென்று தெரிந்தது. 'எச்டி சேனலுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களா?' என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்டார்கள், என் கட்சிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேனலில், அதாவது படம் தெரிகிற திரைப் பலகையில், உண்மையிலேயே பழுது இருந்தது, ஆனால் அதற்கப்புறம் அதைக் காது கொடுத்துக் கேட்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

அதனால் இன்றைக்கே டிவியின் பின்னால் போய்ப் பாருங்கள். படத்தைக் கொண்டு வருவது அந்த மூன்று நிறக் கேபிள் என்றால், அதன் மஞ்சள் முனையில் எச்டி படம் வரவே வராது. பழைய செட்டாப் பாக்ஸ் தருகிற படத்தில் மொத்தம் 720 × 576 புள்ளிகள்தான், அதாவது சுமார் 4.15 லட்சம். அதைப் பெரிய திரை முழுக்க இழுத்துப் பரப்பினால் மங்கலாகத்தான் இருக்கும். பழைய டப்பா டிவியின் சின்னத் திரை அந்தக் குறையை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஷோரூமில் ஓடியது பெரும்பாலும் இதற்கென்றே எடுத்த டெமோ வீடியோவாக இருக்கும். எச்டி பாக்ஸ், எச்டிஎம்ஐ கேபிள், எச்டி சேனல் சந்தா, மூன்றும் சேர்ந்தால்தான் எச்டி. பாக்ஸின் செட்டிங்கில் போய் 16:9 (அகலத் திரை வடிவம்), 1080i (எச்டி அளவு) என்று வையுங்கள். ஆட்கள் குண்டாகத் தெரிவது 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்ததால், அது ரிமோட்டிலேயே சரியாகிவிடும். டிவி 'ஸ்டோர் மோட்'டில், அதாவது கடையில் காட்சிக்கு வைக்கிற செட்டிங்கில் இருந்தால் 'ஹோம்' என்று மாற்றிவிடுங்கள். கடையில் விலை உயர்ந்த தங்க முலாம் கேபிளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும், வருவது டிஜிட்டல் சிக்னல், கேபிள் விலை ஏறினால் படம் அழகாகிவிடாது.

இதைச் செய்த பிறகும் மிஞ்சுவது எதுவோ அதுதான் உங்கள் வழக்கு. இரண்டு விஷயம் கண்டிப்பாக மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பில். ஃபுல் எச்டி என்றால் 1920 × 1080, ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். உங்கள் பெட்டியில் இருக்கிற 1366 × 768 என்பது சுமார் 10.5 லட்சம். எச்டி ரெடி என்று சாதாரணமாக விற்கிற ரகம் அது, அதில் தப்பே இல்லை, அப்படிச் சொல்லி விற்றிருந்தால். உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தது ஒன்று, வீட்டுக்கு வந்தது ஏறக்குறைய அதில் பாதி. சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 15 இதைத்தான் சொல்கிறது: விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)-இன்படி இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. உங்களுக்கு 24 நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள், அதனால் 'திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற வார்த்தை எழுத்தில் இந்த வாரமே அவர்கள் கைக்குப் போயாக வேண்டும்.

கடைக்காரர் இங்கே ஒரு வித்தை காட்டுவார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தி, மூலையில் 1920 × 1080 என்று வருவதைக் காட்டி 'பாருங்க சார், ஃபுல் எச்டிதானே' என்பார். அது பாக்ஸிலிருந்து உள்ளே வருகிற சிக்னலின் அளவு. 768 பேனல் உள்ள டிவியும் அந்தச் சிக்னலை வாங்கிக்கொண்டு, சுருக்கித் தன் திரைக்குத் தகுந்தபடி காட்டும். '1080 சப்போர்ட் செய்யும்' என்று விளம்பரத்தில் போடுவதும் இதே கதைதான். திரையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்பதற்கு நம்பகமான சாட்சி கூடவே வந்த கையேட்டின் விவரப் பக்கமும், கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலுக்குப் போட்டிருக்கிற விவரமும். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள், பில், பெட்டி, டிவியின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் மூன்றிலும். ஓர் எழுத்து மாறினால் பேனலே வேறாக இருப்பதுண்டு, ஷோரூமில் நீங்கள் பார்த்தது அந்த இன்னொன்றாகக்கூட இருந்திருக்கலாம்.

'பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள்' என்பது வாதமே இல்லை. பிரிக்காமல் எப்படிப் பார்ப்பதாம்? பார்க்காமல் வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான அவகாசம் கிடைக்கிற வரை அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று 1930 சட்டத்தின் பிரிவு 41 சொல்கிறது. ஆனால் பிரிவு 42-ஐயும் மறக்கக் கூடாது, வேண்டாம் என்று சொல்லாமல் நெடுநாள் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். டிவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஆள் நீட்டிய ஜாப் ஷீட்டில், அதாவது வேலைச் சீட்டில், 'நன்றாக வேலை செய்கிறது' என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், எல்லாரும் போடுவோம். அது அன்றைக்கு டிவி ஓடியதற்குச் சாட்சி, பில்லில் எழுதிய பொய்யை அது மெய்யாக்காது.

இரண்டாவது, கோடு. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது முக்கியமாகக் கம்பெனி. அடிபட்ட திரையில் பொதுவாக அடி விழுந்த இடம் தெரியும், அங்கிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல் பரவும். எந்தக் காயமும் இல்லாமல் மேலிருந்து கீழாக நேராக ஓடும் ஒற்றைக் கோடு பெரும்பாலும் பேனல் ஓரத்து இணைப்பில் வருகிற பழுது. நான் டெக்னீஷியன் இல்லை, ஆனால் கம்பெனி ஆள் அடிபட்டது என்றால் எங்கே அடிபட்டது என்று காட்ட வேண்டுமா இல்லையா? டிவியை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துத் திரையைப் போட்டோ எடுங்கள், கண்ணாடியில் கீறலோ குழியோ இல்லை என்பது அதில் தெரியும். அப்புறம் மறுபடி புகார் பதிவு செய்து, ஆளை வரவழைத்து, 'அடிபட்டது என்பதை ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்' என்று கேளுங்கள். வாயால் சொல்வதற்கு எல்லாருக்கும் தைரியம் உண்டு, எழுதச் சொன்னால் பலபேர் பின்வாங்குவார்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிவியைத் திறக்க மட்டும் திறந்துவிடாதீர்கள், மிச்சமிருக்கிற வாரண்டியையும் நீங்களே கிழித்துப் போட்டதாகிவிடும்.

வழிமுறையைப் பொறுத்தவரை பெரிய சிரமம் ஒன்றுமில்லை. கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே நோட்டீஸ், ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, நீங்களே எழுதலாம். தேதி, பில் எண், மாடல் எண், பில்லில் என்ன இருக்கிறது, பெட்டியில் என்ன இருக்கிறது, கோடு எந்தத் தேதியில் வந்தது, என்ன வேண்டும், 15 நாள் கெடு. அவ்வளவு போதும், திட்டுவது எதுவும் வேண்டாம். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து வையுங்கள், சில சமயம் அதிலேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். புகார் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, ஆனால் அதை நம்பிக் கிடப்பில் போடாதீர்கள், கோடு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு நாலாகும், அப்போது எது எப்போது வந்தது என்ற சண்டை தனியாக நடக்கும். ஆய்வகச் சோதனை தேவையில்லாத புகாரை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கியவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: 2020-இன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

மன உளைச்சலுக்கு எவ்வளவு கேட்பது? லட்சக்கணக்கில் போட்டால் மனு கனமாகும் என்று நினைக்கிறார்கள், அது மனுவைக் கேலிப் பொருளாகத்தான் ஆக்கும். பொருளை மாற்றிக் கொடு, இல்லையேல் பணத்தை வட்டியோடு கொடு, கூடவே நியாயமான ஒரு தொகையும் செலவும் என்று கேளுங்கள். வெறும் பேனலை மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி இறங்கி வந்தால் உடனே தலையாட்டாதீர்கள். புதிய பேனலும் 768-ஆகத்தான் இருக்கும், கோடு போகும், பில் பிரச்சினை அப்படியே நிற்கும். கடையிலிருந்து சமரசத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், 1920 × 1080 என்று எழுதிய மாற்று டிவிக்கே சம்மதியுங்கள், அந்த எண்ணைப் புதுப் பில்லில் மாடல் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.