காது முடி: பிடுங்க வேண்டாம், கத்தரித்தால் போதும்

கேள்வி: எனக்கு வயது 58. தலையில் வழுக்கை, காதில் மட்டும் கருகருவென்று முடி. சலூனில் ப்ளக்கர் வைத்துப் பிடுங்கிவிடுவார்கள். போன முறை காதுக்குள் வீங்கி ஒரு வாரம் வலி. சர்க்கரை நோயும் இருக்கிறது. முடியை நிரந்தரமாக எடுக்க வழி உண்டா?

பதில்: தலையில் கொட்டுவதும் காதில் முளைப்பதும் ஒரே ஹார்மோனின் வேலை. காது மடலில் பிறந்ததிலிருந்தே மெல்லிய பூனைமுடி உண்டு. ஆண் ஹார்மோன் வருடக்கணக்கில் பட்டுப் பட்டு அது தடித்துக் கறுக்கிறது. உச்சந்தலை மயிர்க்கால்களோ அதே ஹார்மோனால் சுருங்கிப்போகின்றன. பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஒய் குரோமோசோம் வழியே அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது என்று பாடப்புத்தகங்களே நெடுநாள் சொல்லிவந்தன. தென்னிந்திய ஆண்களிடம் நடத்தி 2004-இல் வெளியான மரபணு ஆய்வு அதை மறுத்துவிட்டது. (மதுரைக்காரரான அந்தோணி விக்டரின் 18.1 செ.மீ. காது முடி கின்னஸ் சாதனையாகவே பதிவானது. அவர் அதை ஆசையாக வளர்த்தார், அது வேறு கதை!)

காதுத் துளையின் நீளம் சுமார் இரண்டரை செ.மீ. அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில்தான் முடியும் குரும்பிச் சுரப்பிகளும் இருக்கின்றன. தூசியையும் பூச்சியையும் தடுக்கும் காவல் அது. எனவே உள்ளே இருப்பதை விட்டுவிடுங்கள். வெளியே எட்டிப்பார்ப்பதை மட்டும் வெட்டுங்கள்.

உங்களுக்கு வலித்ததில் வியப்பில்லை. வேரோடு பிடுங்கிய இடத்தில் கிருமி புகுந்தால் கட்டி வரும். அங்கே தோல் குருத்தெலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் வீங்க இடமே இல்லை. கடுகளவு கட்டிகூட வலியால் உயிரை வாங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, காதுத் தொற்று அபூர்வமாக எலும்பு வரை பரவும். ஆகவே ப்ளக்கருக்கு இனி முழுக்குப் போடுங்கள்.

மூக்கு, காதுக்கென்றே உருண்டைத் தலை ட்ரிம்மர் விற்கிறார்கள். பிளேடு உள்ளே மறைந்திருக்கும். காது ஈரமில்லாமல் இருக்கும்போது நல்ல வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள், வெட்டிய முடி கீழே விழுந்துவிடும். மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, துளை வாயில் மட்டும் ஓட்டுங்கள். உள்ளே அழுத்தக் கூடாது. துளைக்கு முன்னால் உள்ள சிறு மேட்டிலும் மடலிலும் உள்ளதற்கு முனை மழுங்கிய சிறு கத்தரி போதும். கருவி உங்களுக்கே உரியதாக இருக்கட்டும். சலூனுக்கும் அதையே கொண்டுபோகலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்தால் சரி. வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பது கட்டுக்கதை.

முடி நீக்கும் க்ரீமைத் துளைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நிரந்தரமாக எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். மடலில் மட்டும் லேசர் செய்யலாம். பல முறை போக வேண்டும், முடி வெகுவாகக் குறையும், ஒன்றுவிடாமல் போகும் என்று சொல்ல முடியாது. நரைத்த முடியில் லேசர் வேலை செய்யாது. அதனால் செய்வதானால் கறுப்பாக இருக்கும்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள். என்னைக் கேட்டால், ட்ரிம்மரே போதும்.

மடலை இழுத்தால் வலி, சீழ், காது அடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் பட்ஸைத் தொடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.