உங்கள் ஓவியக் கண்காட்சிக் குறிப்பில் "ஏன் வரைகிறேன்" பத்தி, மூன்று முறை திருத்தியும், விண்ணப்பம்போல் ஆகிவிடுகிறதா?

காரணத்தை விளக்காமல், வண்ணம் முதன்முதலில் உங்கள் கைக்கு வந்த நாளை மட்டும் எழுதுங்கள். குறிப்பு விண்ணப்பம்போலவே இருப்பதற்கு, படிப்பு, பரிசு என ஆண்டுவரிசையில் தொடங்கியதே காரணமாக இருக்கலாம்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த, பின்னாளில் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியரான ஹென்றி மத்தீஸ், 1890 வாக்கில் குடல்வால் அழற்சியால் படுத்திருந்தபோது, பொழுதுபோகட்டும் என்று அவருடைய தாய் வண்ணப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார். ஒரு மாபெரும் ஓவியரின் தொடக்கத்துக்கு வயிற்றுவலி காரணம் என்பதைவிட வேடிக்கையான விளக்கத்தை (அதுவும் உண்மையானதை) நான் கண்டதில்லை.

எழுதியதை உடன்பிறந்தவர் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "அப்படி நடக்கவே இல்லை" என்று அவர் இடைமறித்தால், அந்த மறுப்பையும் பத்தியிலேயே சேர்த்துவிடலாம்.

நிதியுதவி கோரும் குறிப்புக்கு மட்டும் இம்முறை பொருந்தாது. அங்கே ஆண்டுவரிசையைத்தான் எதிர்பார்ப்பார்கள்.