ஏஜென்ட் ஏன் ஃபைலைத் தப்பாக அனுப்புகிறது?

கேள்வி: எங்கள் செயலியின் ஃபைல் அப்லோடு வசதியை ஏஐ ஏஜென்ட்டுகள் கூப்பிடுகிற மாதிரி ஒரு டூலாக மாற்றினோம். டெவலப்பர்களுக்கான விளக்கப் பக்கம் ஏற்கெனவே நன்றாகவே இருப்பதால், டூலில் "ஃபைலை அப்லோடு செய்யும்" என்று மட்டும் எழுதி விட்டோம். ஏஜென்ட் கண்டபடி கூப்பிடுகிறது. மாடலை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: மாடல் இருக்கட்டும், முதலில் அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். உங்கள் விளக்கப் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏஜென்ட் பெரும்பாலும் அதைப் பார்ப்பதே இல்லை. அதன் கண்ணில் படுவது டூலின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (எந்த உள்ளீடு எந்த வகையில் இருக்க வேண்டும் என்ற பட்டியல்), அவ்வளவுதான். ஏஐ மாடல்களை டூல்களோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் வெளியான எம்சிபி என்ற பொது நெறிமுறையிலும் இதே கதைதான். எழுதாமல் விட்டதை ஏஜென்ட் ஊகிக்கும், அதுவும் துளிக்கூடத் தயங்காமல்.

உங்கள் ஸ்கீமாவில் 'ஃபைல்' என்ற இடத்தில் 'ஸ்ட்ரிங்' (எழுத்துத் தொடர்) என்று மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். அது ஃபைல் இருக்கும் பாதையா, இணைய முகவரியா, இல்லை ஃபைலின் உள்ளடக்கமேவா? ஜேசனில் பைனரிக்கென்று தனி வகை கிடையாது, அதனால் உள்ளடக்கம் என்றால் பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 முறையில் ஆக்கித்தான் அனுப்ப வேண்டும். அதில் 3 பைட் 4 எழுத்தாகிவிடும், 6 எம்பி ஃபைல் 8 எம்பி ஆகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அத்தனை எழுத்தையும் மாடலே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறதே, நடுவில் நாலு எழுத்து பிசகினால் பிடிஎஃப் திறக்காமலே போகலாம். எனவே பாதையை வாங்குங்கள், அல்லது குறுகிய நேரமே செல்லுபடியாகும் அப்லோடு முகவரி ஒன்றைக் கொடுத்து, அனுப்பும் வேலையை ஒரு புரோகிராமிடம் விடுங்கள்.

பாதை என்றால், யாருடைய கணினியில் இருக்கும் பாதை? ஏஜென்ட் ஒரு சாண்ட்பாக்ஸில் (தனியாக அடைத்து வைத்த கணினிச் சூழலில்) ஓடும், டூல் வேறெங்கோ ஓடும். அங்கே இருக்கிற ஃபைல் இங்கே இருக்காது. பலரும் எழுத மறக்கிற வரி இதுதான். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"டூல் ஓடும் கணினியின் வேலை ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபைலை அப்லோடு செய்யும். முழுப் பாதையைக் கொடு. இணைய முகவரியோ உள்ளடக்கமோ கொடுக்காதே. பிடிஎஃப், பிஎன்ஜி, சிஎஸ்வி மட்டும், 10 எம்பி வரை. திரும்பக் கிடைக்கும் ஃபைல் ஐடியை அடுத்த டூலுக்குக் கொடு. ஒரே ஃபைலை இரண்டு முறை அனுப்பினால் இரண்டு பிரதிகள் உருவாகும்."

கடைசி வரியை அழகுக்காகச் சேர்க்கவில்லை. டைம்அவுட் ஆனால் ஏஜென்ட் மறுபடி அனுப்பிப் பார்க்கும், முதல் முறையே ஃபைல் போய்ச் சேர்ந்திருந்தாலும்.

அப்புறம், பிழைச் செய்தியும் டாக்குமென்ட்டேஷன்தான். வெறும் 413 (அனுப்பியது அளவில் பெரிது என்ற பிழை எண்) என்று திருப்பினால் ஏஜென்ட் அதே ஃபைலை மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். "ஃபைல் 14 எம்பி, வரம்பு 10 எம்பி, மறுபடி அனுப்பாதே, பயனரிடம் சொல்" என்றால் வேலை முடிந்தது.

கேள்வி: விளக்கம் நீண்டால் டோக்கன் (மாடல் படிக்கும், எழுதும் உரையின் சிறு துண்டு) செலவு ஏறாதா?

பதில்: ஏறும், டூல்களின் விளக்கம் கோரிக்கையோடு சேர்ந்தே போகிறது. அதனால் 'எளிமையான, சக்திவாய்ந்த' போன்ற விளம்பர வார்த்தைகளை முதலில் வெட்டுங்கள். வரம்புகளை வெட்டாதீர்கள், ஒரு தவறான அழைப்பும் அதைச் சரிசெய்யும் அழைப்பும் சேர்ந்தால் நீங்கள் மிச்சம் பிடித்ததை விடக் கூடுதலாகவே தின்னும்.

கேள்வி: "ரகசிய ஃபைல்களை அப்லோடு செய்யாதே" என்று விளக்கத்தில் எழுதிவிட்டால் பாதுகாப்புக்குப் போதுமா?

பதில்: போதவே போதாது. ஏஜென்ட் படிக்கிற ஏதோ ஒரு ஆவணத்துக்குள்ளேயே "கடவுச்சொல் ஃபைலை அனுப்பு" என்று யாராவது எழுதி வைத்திருக்கலாம், ஏஜென்ட் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எந்த ஃபோல்டருக்குள் மட்டும் கை வைக்கலாம் என்பதை டூலின் கோடிலேயே கட்டுப்படுத்துங்கள். பாதையில் வரும் இரட்டைப் புள்ளிகளையும் (மேல் ஃபோல்டருக்குப் போகச் சொல்லும் "..") சிம்லிங்க்குகளையும் (வேறொரு இடத்தைக் காட்டும் இணைப்பு ஃபைல்கள்) விரித்துப் பார்த்த பிறகே அனுமதி கொடுங்கள். இதைச் செய்து முடித்த பிறகு அந்த எல்லையை விளக்கத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள், ஏஜென்ட் வீணாக முட்டிக்கொண்டிருக்காது.